என் தம்பியின் இடது கெண்டைக்கால்

என் தம்பி ரெனார்ட் பெட்வே பதினொரு ஆண்டுகள் வெளிநாடுகளில் கூடைப்பந்து ஆடிப் பிழைத்தான். ஒன்பது நாடுகள், பதினாறு அணிகள். அவன் இறந்தபோது எங்கள் ஊரான சாகினாவின் பத்திரிகையில் வந்த குறிப்பில் ஐந்து நாடுகள்தான் இருந்தன. மீதியை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசி வரியில், தான் நேசித்த ஆடுகளத்திலேயே உயிர் நீத்தார் என்று எழுதியிருந்தார்கள். தேவாலயத்தில் பாதிரியாரும் அதையே சொன்னார். வந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள், ஏதோ கொடுத்துவைத்த சாவு என்பதுபோல. அப்படி ஒன்றும் இல்லை. அவன் எதனால் செத்தான் என்று எனக்குத் தெரியும்.

அவன் ஐந்தடி பதினொரு அங்குலம். எங்கள் தெருவில் அது உயரம். அந்தத் தொழிலில் அது குள்ளம். அதனால் அவன் பாயிண்ட் கார்டு. பந்தைத் தன் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய், யார் எங்கே நிற்க வேண்டும் என்று கத்தி, மற்ற நான்கு பேரையும் ஆட்டிவைப்பவன். ஜெயித்தால் கூடை போட்டவனைத் தோளில் தூக்குவார்கள். தோற்றால் பந்து யார் கையில் இருந்தது என்று கேட்பார்கள்.

அப்பா இரும்பு வார்ப்பாலையில் வேலை பார்த்தார். அம்மா முதியோர் இல்லத்துச் சமையலறையில். நான் ரெனார்டுக்கு மூன்று வயது மூத்தவள். அவன் எறிவான், நான் பந்தைப் பொறுக்கிக் கொடுப்பேன். தேவாலயத்துக் கூடத்தில் அது தொடங்கியது. அவனுக்கு முப்பத்துமூன்று, எனக்கு முப்பத்தாறு ஆன பிறகும் ஒவ்வொரு கோடையிலும் அதே வேலைதான் எனக்கு. பள்ளி மாவட்ட அலுவலகத்தில் பள்ளிப் பேருந்துகளுக்குத் தடம் போடும் வேலையை முடித்துவிட்டு, நான்கு மணிக்கு மேல் அவனுக்குப் பந்து பொறுக்கப் போவேன்.

அவன் முதன்முதலில் போனது ஹங்கேரிக்கு. இருபத்திரண்டு வயது. தேவாலயத்தில் வழியனுப்பு விழா நடத்தி, அம்மா மூன்றடுக்குக் கேக் செய்தாள். அங்கே போய் இறங்கிய மறுநாள் அணியின் மருத்துவர் அவனைச் சோதித்தார். எங்கேயாவது வலி இருக்கிறதா என்று கேட்டார். ரெனார்ட் நல்ல பிள்ளையாக, ஜூலையில் வலது கணுக்கால் மடங்கியது, இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது, காலையில் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது என்று சொன்னான். மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். ஒப்பந்தத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆனால் மருத்துவர் கையெழுத்து விழாத வரை அது வெறும் தாள். மூன்றாம் நாள் அவனை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது கேக்கின் கீழடுக்கு இன்னும் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது.

அந்த வாரம் வெண்டல் கடைக்கு முடி வெட்டப் போனவன் பட்ட பாடு ஊருக்கே தெரியும்.

"வாப்பா ஹங்கேரி," என்றாராம் வெண்டல், கத்தரியைக் கீழே வைக்காமல். "என்ன, பஸ்ஸ விட்டுட்டியா?"

"கணுக்காலு, வெண்டல் அண்ணே."

"கணுக்கால உங்கிட்ட யாரு கேட்டா?"

"டாக்டர் கேட்டாரு."

"கேட்டா சொல்லிடுவியா? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட, ராத்திரி குறட்டை விடுவேன்னு சொல்ற ஆளுடா நீ."

கடை முழுக்கச் சிரித்தது. ரெனார்டும் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு எந்த மருத்துவரிடமும் அவன் உண்மை சொன்னதில்லை. அவன் மட்டுமல்ல. வெளிநாட்டில் ஆடப் போகும் எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் இது எழுதாத சட்டம். கையெழுத்து விழும்வரை உடம்பில் எங்கேயும் எதுவும் வலிக்காது. கையெழுத்து விழுந்த பிறகும் வலிக்காது, ஏனென்றால் ஒரு அணியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு இரண்டு மூன்று இடம்தான். தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் முதலில் கழற்றிவிடுவது அவர்களில் ஒருவரைத்தான். காலில் கட்டோடு நிற்கிறவனைக் கழற்றுவது இன்னும் சுலபம்.

எதுவும் வலிக்கவில்லை என்று ஆறு மொழிகளில் சொல்லத் தெரியும் அவனுக்கு. அணியின் அறையில் ஐஸ்கட்டி கேட்டால் பயிற்சியாளர் காதுக்குப் போய்விடும் என்று, கடையில் உறைந்த பட்டாணிப் பொட்டலங்கள் வாங்கி வந்து வீட்டில் முழங்காலில் கட்டிக்கொள்வான். ருமேனியாவில் ஒரு கடைக்காரம்மா, பாவம் இந்த அமெரிக்கப் பையனுக்குப் பட்டாணியைத் தவிர ஒன்றும் சமைக்கத் தெரியவில்லை என்று நினைத்து, ஒருநாள் டப்பாவில் ஆட்டுக்கறிக் குழம்பு கொடுத்தனுப்பினாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அவன் ருமேனியாவில் இருந்தபோதுதான் அம்மா இறந்துபோனாள். நான் காலையில் அழைத்தேன். அங்கே மாலை ஆட்டத்துக்கு நேரம் நெருங்கிவிட்டது. அணியின் மேலாளர் தொலைபேசியை எடுத்து, செய்தியைக் கேட்டு, ஆட்டம் முடிந்ததும் சொல்கிறேன் என்றார். அப்படியே செய்தார். ரெனார்ட் அன்று பதினெட்டுப் புள்ளி எடுத்திருந்தான். நான்கு நாள் விடுப்பு கொடுத்தார்கள், அதில் இரண்டு நாள் பயணத்திலேயே போனது. புதைத்த மண் காயும் முன்பே கிளம்பினான். நான் கோபப்படவில்லை. அவன் இடத்தில் ஆட வேறொருவனை அவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நல்ல ஆண்டுகளும் இருந்தன. சைப்ரஸில் இரண்டு பருவம், அவன் பெயரைச் சொல்லிப் பாட்டுக் கட்டினார்கள். கல்யாணம் ஒன்றும் நடந்தது, இரண்டு கோடை நிலைத்தது. எட்டு மாதம் தொலைபேசியோடு குடும்பம் நடத்த முடியாது என்று அவள் சொன்னாள். அதில் தப்பு எதுவும் இல்லை.

முப்பத்துமூன்றாவது வயதில், ஏப்ரல் மாதம், துருக்கியில் இரண்டாம் பிரிவு அணி ஒன்று அவனை அனுப்பிவிட்டது. இடது முழங்கால் மடக்கும்போது சிக்கிக்கொண்டது. அதை அவன் ஏழு வாரம் மறைத்திருந்தான். எட்டாவது வாரம் ஓடவே முடியவில்லை.

அந்தக் கோடையில் எந்த அணியிடமிருந்தும் அழைப்பு வரவில்லை. ஜூன் மாதம் வராது, அது வழக்கம். ஜூலையில் வரும். ஜூலையில் வரவில்லை. ஆகஸ்டில் எல்லா அணிகளும் ஆள் சேர்த்து முடித்துவிடும். அதற்குப் பிறகு யாருக்காவது அடிபட்டால்தான் இடம். ஒரு பருவம் வீட்டில் உட்கார்ந்துவிட்டால், அதுவும் அந்த வயதில், ஏஜென்ட்டுகளின் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். போனால் திரும்பி வராது. இதை அவன் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. என் வீட்டின் பின்னறையில் தங்கி, தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டுபோனான்.

நான் ஒரு வேலை பார்த்து வைத்தேன். நடுநிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியருக்கு உதவியாள்.

"விசில் ஊதுற வேலையா?" என்றான்.

"சம்பளம் வர்ற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வர்ற வேலை."

"இன்னும் ஒரு சீசன், அக்கா. ஒண்ணே ஒண்ணு. ஆடி முடிச்சிட்டு நானா நிறுத்திட்டு வர்றேன். துருக்கிக்காரங்க என்னை ஏர்போர்ட்டுல விட்டுட்டுப் போனதுதான் கடைசின்னு இருக்கக் கூடாது."

"போன வருஷமும் ஒண்ணே ஒண்ணுன்னுதான் சொன்னே."

"போன வருஷம் பொய் சொன்னேன்."

ஆகஸ்ட் கடைசியில் முழங்காலைச் சரிசெய்துகொண்டான். பகல் நேர அறுவைச் சிகிச்சை. கிழிந்த குருத்தெலும்பின் ஓரத்தை இரண்டு சிறு துளைகள் வழியாகச் சீவி எடுத்தார்கள். நான்தான் அழைத்துப்போய் அழைத்துவந்தேன். ஏஜென்ட் கோரிகனுக்குச் சொல்லவில்லை. அறுவைச் சிகிச்சை என்ற சொல் ஒரு தடவை வெளியே போனால் அது தானாக நாடு நாடாகப் போகும் என்றான். மருத்துவமனையில் நான்கு பக்கத் தாள் ஒன்று கொடுத்தார்கள். காயத்தை எப்படிக் கழுவ வேண்டும், எப்போது படி ஏறலாம், என்ன நேர்ந்தால் உடனே வர வேண்டும் என்று எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. முதல் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்.

மறுவாரம் அது அங்கே இல்லை.

"எங்கடா அந்தப் பேப்பர்?"

"எடுத்துட்டேன். கோரிகன் வீடியோல கூப்பிடுவாரு. நான் சமையலறைலதான உக்காருவேன்? பின்னாடி ஆஸ்பத்திரி பேப்பர் தொங்கினா?"

"அதைப் பூதக்கண்ணாடி வச்சுப் பாப்பாரா?"

"அக்கா, அந்த ஆளு என் மூஞ்சி உப்பியிருக்கான்னு பாத்து எடை கண்டுபிடிக்கிற ஆளு."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பதினொரு ஆண்டுகளாக அவனோடு சேர்ந்து நானும் அப்படியே யோசிக்கப் பழகிவிட்டேன். தாள் என்றால் எதிரி. தாளை எங்கே போட்டான் என்று நான் கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் அவன் ஓடத் தொடங்கினான். நான்காவது வாரம், செப்டம்பர் கடைசியில், இடது கெண்டைக்கால் பிடிக்கிறது என்றான். முழங்காலைக் காப்பாற்ற நினைத்து நடை மாறியதில் சதை இறுகிவிட்டது என்று அவனே காரணமும் சொன்னான். சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டு டிவி பார்த்தான். நான் மருந்துத் தைலத்தை எடுத்துக் காலில் தேய்த்தேன். சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை தேய்த்த கால். சதை சூடாக இருந்தது. காலுறை அழுந்திய கோடு இடது காலில் ஆழமாகவும் வலது காலில் மேலாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தேன்.

"என்னடா இது, ஒரு காலுக்கு மட்டும் சாப்பாடு போடுறியா?"

"அது பணக்காரக் கால். தேய், நல்லா அழுத்தித் தேய்."

"டாக்டர்கிட்ட ஒரு நட போயிட்டு வந்துடலாமே."

"போனா எழுதுவாரு. எழுதினா இருக்கும். சதைப்பிடிப்புக்கு யாராவது டாக்டர்கிட்ட போவாங்களா?"

அழுத்தித் தேய்த்தேன். மூன்று நாள், காலையும் மாலையும்.

நான்காம் நாள் சனிக்கிழமை. நாங்கள் இருவரும் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கோரிகன் அழைத்தார். ரெனார்ட் ஒலிபெருக்கியைப் போட்டான்.

"எங்கப்பா இருக்கே? உக்காந்திருக்கியா?" என்றார் கோரிகன்.

"உக்காந்துதான் இருக்கேன். ஏப்ரல்லேருந்து அதுதானே வேலை."

"போலந்துல ஒரு டீம். சின்ன ஊரு. அவங்க பாயிண்ட் கார்டுக்கு நேத்து கை உடைஞ்சிடுச்சு. திங்கக்கிழமை கிளம்பணும். புதன் மெடிக்கல். சனிக்கிழமை மேட்ச். அதுக்கப்புறம் பதினஞ்சு நாளு பாப்பாங்க. புடிச்சிருந்தா சீசன் முழுக்க உன்னது. புடிக்கலேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. முழங்கால் எப்படி இருக்கு?"

"எந்த முழங்கால்?"

கோரிகன் சிரித்தார். "அதான் என் பையன்."

தொலைபேசியை வைத்துவிட்டு ரெனார்ட் எழுந்து நின்றான். தட்டைக் கழுவினான். அதைத் துடைத்து அலமாரியில் வைத்தான். பிறகு கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அம்மாவுக்குக்கூட இல்லை.

முழங்காலில் இரண்டு வடுக்கள் இருந்தன, பட்டாணி அளவு, இன்னும் புதுத்தோல் நிறத்தில். அவற்றை என்ன செய்வது என்பதுதான் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எங்கள் கவலை. என் முகத்துக்குப் போடும் பூச்சில் இரண்டு நிறங்களைக் கலந்து பார்த்தோம். மூன்றாவது முயற்சியில் தோலோடு தோலாகப் போய்விட்டது. வியர்வையில் கரையாமல் இருக்க மேலே தெளிக்கும் திரவத்தையும் பையில் வைத்தேன். கண்ணாடி முன் நின்று காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மூஞ்சிக்கும் கொஞ்சம் போட்டு விடு. முப்பதுன்னு சொல்லிக்கிறேன்."

"உன் மூஞ்சிக்கு ஒரு டப்பா பத்தாது."

இரண்டு பேரும் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு ஒரு சாண் கீழே இருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை டெட்ராய்ட் விமான நிலையத்துக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். காலை நீட்டி உட்கார முன்னிருக்கையைக் கடைசிவரை தள்ளிக்கொண்டான். வழியில் ஒருமுறை நிறுத்தச் சொல்லி, இறங்கி, சாலையோரத்தில் கெண்டைக்காலை உதறிக்கொண்டான். ஆம்ஸ்டர்டாம் வரை எட்டு மணி நேரம், அங்கே காத்திருப்பு, வார்சாவுக்கு இரண்டு மணி நேரம், பிறகு அணியின் வேனில் நான்கு மணி நேரம். ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்கியிருந்தான். மற்றவர்களைத் தாண்டிப் போவது சங்கடம் என்று ஒருமுறையும் எழவில்லையாம். இதைப் பிறகு அவனே சொன்னான், பெருமையாக: வழி முழுக்கத் தூங்கிட்டேன், அக்கா.

புதன்கிழமை காலை, நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அழைத்தான்.

"பாஸ்!"

"என்னது?"

"கையெழுத்துப் போட்டுட்டாரு! இதயத்துக்கு ஒயரு வச்சாங்க, குதிக்கச் சொன்னாங்க, உக்காந்து எழச் சொன்னாங்க. முழங்காலை இப்பிடித் திருகிப் பாத்தாரு. உன் பூச்சு அசையலை, அக்கா. ஹாலிவுட்டுக்குப் போயிடு நீ."

"கெண்டைக்கால்?"

"அதைத் தொடவே இல்லை."

நான் சமையலறையில் தனியாக நின்று கையைத் தட்டினேன். அதை மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி அவன் சொல்லித் தெரியும். மீதி டோபையஸ் வீம்ஸ் சொல்லித் தெரியும். டோபையஸ் அந்த அணியின் இன்னொரு அமெரிக்கர், ஆர்க்கன்சாவில் பிறந்தவர், ஆறடி பத்தங்குலம், மூன்று ஆண்டுகளாக அங்கேயே ஆடுகிறார். இருவருக்கும் ஒரே கட்டடத்தில் எதிரெதிர் வீடு.

முதல் ஆட்டத்தில் ரெனார்ட் பத்தொன்பது நிமிடம் ஆடி, ஏழு கூடைகளுக்குப் பந்து எடுத்துக்கொடுத்தான். ஜெயித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பேசும்போது இருமினான். குளிர் என்றான். அடுத்த வாரப் பயிற்சியில் இரண்டு ஓட்டத்துக்கு ஒருமுறை இடுப்பில் கைவைத்து நின்றானாம். கோடை முழுக்க உட்கார்ந்திருந்தவனுக்கு மூச்சு வாங்கத்தானே செய்யும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான். பயிற்சியாளர் கிண்டல் செய்தாராம்: "பெட்வே, உனக்கு ஆக்சிஜன் வேணுமா, நாற்காலி வேணுமா?" அவன், "டீம் லிஸ்டுல பேரு வேணும், கோச்," என்றானாம்.

பத்தாம் நாள் மாடிப்படி ஏறும்போது டோபையஸ் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மச்சான், மூணாவது மாடிக்கே இப்பிடியா?"

"பக்கத்துல குத்துது. விலா எலும்பு. யாரோட முழங்கையாவது இடிச்சிருக்கும்."

"டாக்டர்கிட்ட சொல்லு."

"அஞ்சு நாளு இருக்கு."

"ரெனார்ட்."

"அஞ்சே அஞ்சு நாளு, டோபி. பதினாறாம் நாளு காலைல நானே நடந்து போயி எல்லாத்தையும் காட்டுறேன். கால், விலா, பல்லுகூட. நீ வாயத் தொறந்தா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

டோபையஸ் வாயைத் திறக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் மூன்றாவது ஆட்டம். இடைவேளையில் அவன் உதடு நிறம் மாறியிருந்தது என்று டோபையஸ் சொல்கிறார். அறையின் விளக்கு அப்படி என்று நினைத்தாராம். மூன்றாவது கால்பகுதி தொடங்கி நான்கு நிமிடம். ரெனார்ட் பந்தை நடுக்கோடு தாண்டிக் கொண்டுவந்தான். கையை உயர்த்தி இரண்டு விரல் காட்டினான். அது ஒரு ஆட்ட உத்தி, அவரவர் இடத்துக்கு ஓட வேண்டும். ஓடினார்கள். பந்து வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவன் முழந்தாளிட்டிருந்தான், பந்து மெல்ல உருண்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. ஆட்டத்தை நிறுத்துவதா வேண்டாமா என்று நடுவருக்குத் தெரியவில்லை. எதிரணிக்காரன் ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கூடையும் போட்டுவிட்டான். அந்தப் புள்ளி கணக்கில் இருக்கிறதாம், நீக்கவில்லை.

மருத்துவமனைக்குப் பதினொரு நிமிடம். பிழைக்கவில்லை.

இங்கே பிற்பகல். நான் ஒரு பேருந்துத் தடத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். மேலாளர் என்று ஒருவர் பேசினார், கூடவே மொழிபெயர்க்க ஒரு பெண். மறுநாள் அதே பெண், இந்த முறை ஒரு மருத்துவருக்காக. இரத்தம் கட்டியாகி நுரையீரலின் இரத்தக் குழாயை அடைத்துவிட்டது என்றாள். பொதுவாக அது காலில் உண்டாகி மேலே போகும் என்றாள். சமீபத்தில் அறுவைச் சிகிச்சை ஏதாவது நடந்ததா?

"முழங்கால்ல. ஆகஸ்ட் கடைசில."

அந்தப் பெண் அதை மருத்துவரிடம் சொன்னாள்.

"காலில் வலி, வீக்கம், சூடு, ஏதாவது இருந்ததா என்று டாக்டர் கேட்கிறார்."

"மூணும் இருந்துச்சு," என்றேன். "நான் தேய்ச்சு விட்டேன்."

அவள் அதை மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தாள். மருத்துவர் நன்றி என்றார், அவ்வளவுதான். பிறகு நான் பின்னறையில் தேடினேன். அந்த நான்கு பக்கத் தாள் அவனுடைய பழைய ஷூ டப்பாவில், மடித்து, ஷூவுக்கு அடியில் இருந்தது. மூன்றாம் பக்கத்தில், உடனே வரவேண்டியவற்றில் இரண்டாவது: கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ. தடித்த எழுத்தில்தான் போட்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து ஏழு வாரம் கழித்து, கிறிஸ்துமஸ் விடுமுறையில் டோபையஸ் சாகினாவுக்கு வந்தார். ஆர்க்கன்சாவுக்குப் போகும் வழி இல்லை இது. ரெனார்டின் பையை அஞ்சலில் அனுப்ப மனசில்லை என்று தன் கையாலேயே கொண்டுவந்தார். வாசலில் குனிந்து நுழைந்தார். சமையலறை நாற்காலி அவருக்குப் போதவில்லை; முழங்கால் மேசையில் இடித்தது. நான் காப்பி போட்டேன். கோழிக்கறியும் சோளரொட்டியும் வைத்தேன். அவர் எதையும் தொடாமல் பத்தாம் நாள் மாடிப்படியைச் சொன்னார். சொல்லிவிட்டு, நான் அடிப்பேன் என்று எதிர்பார்ப்பவர்போல உட்கார்ந்திருந்தார். நான் சோபாவையும் தைலத்தையும் சொன்னேன். இரண்டு பேரிடமும் ஒரே குற்றம்தான் இருந்தது.

"புதுசா யாராவது வந்தாச்சா?" என்று கேட்டேன்.

"அடுத்த வியாழக்கிழமையே வந்துட்டான், அக்கா. ஒஹாயோக்காரன். அதே வீட்லதான் இருக்கான். நல்ல பையன்தான். நான் அவன்கிட்ட சரியா பேசறதில்லை."

வெளியே பனி அள்ளும் வண்டி ஒன்று போனது. அது தெருமுனை திரும்பும்வரை பேச முடியவில்லை. பிறகுதான் கேட்டேன்.

"டோபையஸ். அன்னைக்கு மாடிப்படி ஏறினதும் அவன் டாக்டர்கிட்ட சொல்லிருந்தா, நீங்க சொல்லிருந்தா, வச்சிருப்பாங்களா? அந்த இடம் அவனுக்குக் கிடைச்சிருக்குமா?"

அவர் யோசிக்கவே இல்லை. பொய் சொல்லி எனக்கு ஆறுதல் தரலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. அதற்காக அவரை மதிக்கிறேன்.

"இல்லக்கா. ஆஸ்பத்திரில ஒரு வாரம் வச்சிருப்பாங்க. அப்புறம் வேற ஆளைக் கூப்பிட்டுக்கிட்டு, இவனை வீட்டுக்கு அனுப்பிருப்பாங்க. அத்தோட அவன் ஆட்டம் முடிஞ்சிருக்கும். எங்கேயும் எடுத்திருக்க மாட்டாங்க."

"வீட்டுக்கு," என்றேன்.

"ஆமாக்கா."

"உசுரோட."

அவர் பெரிய கைகள் இரண்டையும் மேசைமேல் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உசுரோடதான்," என்றார்.